அம்மாவுக்கு ஒரு செக்ரோல்

7 ஜூலை 2025, திங்கள்

இன்றைக்கு என்மேல் எனக்கே வெறுப்பு. பின்னக் கணக்குக்குப் பயிற்சித்தாள் தேடலாம் என்று காலை ஒன்பதுக்குப் போனை எடுத்தேன். வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அம்மாக்களின் குழுவில் யாரோ புத்தக அலமாரி அடுக்கும் வீடியோ போட்டிருந்தார்கள். அதிலிருந்து இன்னொன்று. அப்புறம் பகாவ் ஊரில் இருக்கும் தோழி சமீனாவோடு அரட்டை. நிமிர்ந்தால் மணி ஒன்பது ஐம்பது. ஷர்வினி எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நா... நா... நான் மூணு தடவ கூப்புட்டேம்மா."

ஒருமுறை "அம்மா" என்று கூப்பிட அந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? திக்குகிறாள் என்று வகுப்பே சிரித்தது. பள்ளி பஸ்ஸைப் பார்த்தாலே வாந்தி எடுத்தாள். அதனால்தானே இரண்டாம் வகுப்போடு நிறுத்தி, கல்வி அதிகாரியிடம் ஒரு வருட அனுமதி வாங்கி வீட்டில் வைத்துச் சொல்லித் தருகிறேன். அங்கே சிரித்தார்கள். இங்கே நான் காதிலேயே வாங்கவில்லை. எது மோசம்?

இனிமேல் போன் மாலை நான்கிலிருந்து ஐந்து வரைதான். மற்ற நேரம் பிஸ்கட் டின்னுக்குள்.

8 ஜூலை

மகேந்திரனிடம் சொன்னேன். (புருஷன் பேரை இங்கே எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்.) சிரித்தார். "ரெண்டு நாள் தாங்குமா லா?" என்றார்.

ஆனால் மாலையில் தோட்டத்து ஆபீஸிலிருந்து ஒரு பழைய செக்ரோல் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, ஆள் வேலைக்கு வந்ததா என்று குறிப்பார்களே, அந்த நீளப் புத்தகம். இப்போது செம்பனை வெட்டும் வங்காளதேசத்துக்காரர்கள் எல்லாரும் மெஷினில் விரல் வைக்கிறார்கள். புத்தகம் ஸ்டோரில் சும்மா கிடந்ததாம்.

"ஷர்வினிதான் கிராணி, பேரு குறிக்கிற ஆளு. நீ கூலியாளு. போன தொடலேன்னா முழு நாளு. கொஞ்சம் தொட்டா அரை நாளு. ரொம்பத் தொட்டா ஆப்சென்ட். காரணம் எழுதி நீ கையெழுத்துப் போடணும்."

தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மண்டோர் வேலை பார்க்கிறவருக்கு வேறெப்படி யோசனை வரும்! எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவரும் இதில் சேர்ந்துகொண்டார் இல்லையா.

9 ஜூலை

காலை ஏழரைக்கு முதல் பெரட்டு. அடுப்படி வாசலில் புத்தகத்தோடு வந்து நின்றாள். மூச்சை இழுத்தாள்.

"லோகேஸ்வரி!"

ஒரு தடங்கல் இல்லை. வெட்டினாற்போல வந்தது. "இருக்கேன்!" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதேன்.

16 ஜூலை

அரை, ஆப்சென்ட், அரை, அரை, ஆப்சென்ட். என் லட்சணம் இது.

நேற்று குளியலறையில் மகேந்திரனுடைய பழைய போனை வைத்துப் பார்த்தேன். பத்தே நிமிடம். கதவுக்கு வெளியே கிராணி நிற்கிறாள். "ஒ... ஒளிச்சு செஞ்சா முழு ஆப்சென்ட்மா." அவளே போட்ட சட்டம். காரணம் எழுதும் கட்டத்தில் அழகான கையெழுத்தில்: "அம்மா பாத்ரூமில் ஒளிந்து போன் பார்த்தார்." பேனாவை நீட்டினாள். முப்பத்தாறு வயதில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் கூனிக்குறுகிக் கையெழுத்துப் போட்டேன்.

31 ஜூலை

இந்த மாதம் பதினொரு ஆப்சென்ட். பதினொன்றுக்கும் என் கையெழுத்து.

24 ஆகஸ்ட், ஞாயிறு

தொடர்ந்து பதினெட்டு முழு நாள்! முதல் வாரம் கை அரித்தது. டின்னுக்குள் போன் அடிக்காமலே அடிப்பது போல இருந்தது. இப்போது இல்லை. பின்னம் முடிந்து தசமம் வந்துவிட்டோம். நேற்று ஒரு முழுக் கதையைச் சத்தமாக வாசித்தாள், எங்கெங்கோ முட்டி மோதி, ஆனால் விடாமல்.

சமீனா கேட்டிருந்தாள்: "உசுரோட இருக்கியா புள்ள?" நாலு மணிக்கு மேல் இருக்கிறேன் என்று பதில் போட்டேன்.

13 செப்டம்பர், சனி

மகேந்திரன் செக்ரோலைப் படம் எடுத்தார். "ஆபீஸ் கிராணிகிட்ட காட்டுறேன் லா, சிரிப்பாரு." வெளிச்சம் போதவில்லை என்று நானே ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆகஸ்டையும் எடுங்கள் என்றேன். "ஜூலை போதும், அதுதான் தமாஷா இருக்கு."

8 அக்டோபர், புதன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

அனுமதியைப் புதுப்பிப்பது பற்றிப் பேச அதிகாரி அம்மா வீட்டுக்கு வந்தார். மலாய்க்காரர், தன்மையானவர். தேநீர் வாங்கிக்கொண்டார், நோட்டுகளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். என் செக்ரோல். ஜூலை மட்டும். ஆப்சென்ட், ஆப்சென்ட், பாத்ரூமில் ஒளிந்து போன். ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து. பக்கத்தின் ஓரத்தில், அழுத்திப் பிடித்திருக்கும் என் கட்டைவிரல்.

கூடவே மலாயில் ஒரு கடிதம். மனைவி நாள் முழுக்கப் போனில் இருக்கிறாள், பிள்ளை எழுதிய குறிப்பே சாட்சி, அனுமதியைப் புதுப்பிக்க வேண்டாம். கீழே மகேந்திரன், த/பெ முருகையா.

இது பழைய கதை, இப்போது மாறிவிட்டது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய்போலக் கேட்டது. அவர் ஷர்வினியிடம் பேர் என்ன என்று கேட்டார். பிள்ளை வாயைத் திறந்தாள். திறந்தது திறந்தபடி. சத்தமே வரவில்லை.

இன்றைக்கு அதிகாரி வருவார் என்று மகேந்திரனுக்குத் தெரியும். அதனால்தான் "தூரத்து டிவிஷன்ல வேலை" என்று விடியும் முன்னே கிளம்பியிருக்கிறார்.

மாலையில் வந்ததும் கேட்டேன்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன். நீயும் நானும் போனப்புறம் அவளுக்குக் கூட்டாளி யாரு இருக்கா? நாலு பேரோட பழக வேணாமா?"

"அத எங்கிட்ட சொல்லிருக்கலாமே."

"சொன்னா நீ அழுவே."

"ஆகஸ்ட் எங்கங்க? செப்டம்பர் எங்க?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அவர் சொல்றதுல ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல. ஜூலைல நான் செஞ்சது தப்புதான். அந்தத் தப்பத்தான நானே எழுதி வெச்சேன்? திருந்தணும்னு எழுதினதையா எடுத்துக் குடுப்பாங்க? எதிரி செய்வானா இத?

9 அக்டோபர்

இன்று ஆறு மணி நேரம் போன். குறிக்க ஆள் இல்லை. செக்ரோலைக் காணவில்லை.

10 அக்டோபர்

ஷர்வினிதான் புத்தகத்தை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். "நா... நான் எழுதுனதாலயாம்மா?" என்று கேட்டாள். மற்றதற்கெல்லாம் அவரை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், இந்தக் கேள்விக்காக மன்னிக்க மாட்டேன்.

20 அக்டோபர், தீபாவளி

முறுக்கு கொடுத்தோம். எல்லாருக்கும் சிரித்தோம்.

6 நவம்பர், வியாழன்

ஷர்வினியே புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். முழுப் புத்தகத்தோடு, கல்வி ஆபீஸுக்குப் போக சிரம்பான் பஸ் ஏறினேன். அதிகாரி அம்மா ஆகஸ்ட், செப்டம்பர் எல்லாம் பொறுமையாகப் புரட்டினார். ஒரு படிவம் கொடுத்தார். அம்மா அப்பா இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம். நவம்பர் 28 கடைசி.

நான் பஸ்ஸிலேயே போட்டுவிட்டேன்.

19 நவம்பர்

படிவம் டிவி மேல். "யோசிக்கிறேன்" என்கிறார். தினமும் தூசி தட்டும்போது அதைத் தூக்கி, துடைத்து, அங்கேயே வைக்கிறேன்.

28 நவம்பர், வெள்ளி

மணி ஐந்து. அங்கே மூடியிருப்பார்கள். படிவம் இருந்த இடத்தில் இருக்கிறது. என் கையெழுத்து மட்டும்.

12 ஜனவரி 2026, திங்கள்

பள்ளி முதல் நாள். வாந்தி எடுத்தாள். ஒருமுறைதான். வாயைக் கழுவி, சீருடையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டு, "பு... புத்தகம்" என்றாள்.

அக்டோபரில் நின்ற பெரட்டு. புதுப் பக்கத்தில் ஜனவரி என்று எழுதியிருந்தாள். கீழே இரண்டு பெயர்கள்.

"லோகேஸ்வரி!"

"இருக்கேன்."

"மகேந்திரன்!"

தடங்கலே இல்லை. மோட்டார் சைக்கிள் சாவியோடு வாசலில் நின்றவர் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கேன் லா, கிராணி!" என்றார்.

அவள் குனிந்து ஆப்சென்ட் போட்டாள்.

"ஏன்மா, இங்கதான நிக்கிறேன்?"

காரணக் கட்டத்தில் நிதானமாக எழுதினாள். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினாள். கட்டத்தில் இருந்தது: "அப்பா ஒளிந்து படம் அனுப்பினார்."

அவர் என்னைப் பார்த்தார். வெளியே பஸ் ஹார்ன் அடித்தது.

"அ... அப்புறமாப் போடுங்கப்பா." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். புத்தகத்தை மூடாமல், பேனாவை நடுவில் வைத்துவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

பதினொன்றரைக்குச் சாப்பிட வந்தார். மேசையின் மறு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவினார். போய்விட்டார். பேனா வைத்த இடத்திலேயே இருக்கிறது.

வீட்டில் யாருமில்லை. டின்னைத் திறக்கவில்லை. பஸ் இரண்டு மணிக்கு வரும். வந்ததும் பையைக்கூட இறக்காமல் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பாள்.