தடுத்த பழம்

பெருமாள்மலையில் பேருந்து நின்றதும் ஒரு பெண் கொய்யாக் கூடையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். "ஆயக்குடிப் பழங்க, நல்லா கனிஞ்சு கெடக்கு." அந்த வாசனை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பள்ளங்கியில் உன் அப்பாவைப் பார்த்துவிட்டு மலையிறங்கிக்கொண்டிருக்கிறேன்.

மதுரை ஆய்வகத்தில் நாம் இருவரும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் புற்றுக்கட்டிக்குள் நுழைந்ததும் ஏன் சோர்ந்துபோகின்றன என்பதுதான் உன் கேள்வி. அங்கிருக்கும் சர்க்கரையைக் கட்டியே தின்றுவிடுகிறது, சண்டைக்கு வந்தவன் பட்டினியில் நிற்கிறான் என்பாய். அப்படியொரு கட்டி உன் வயிற்றிலேயே வரும் என்று நாம் நினைத்ததில்லை.

உன்னைப் பார்க்க நான் கொண்டுவந்த கொய்யாவை உன் அப்பா வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். "இனிப்புதான் கட்டிக்குத் தீனியாம்மா. போன்ல எல்லாரும் சொல்றாங்க."

"ஒண்ணே ஒண்ணு குடுங்கப்பா," என்றாய் கட்டிலில் இருந்தபடி. "கட்டிய அடிக்கிற வெள்ளணுவுக்கும் அதான் தீனி. நான் திங்காட்டியும் ஒடம்பு என் சதையைக் கரைச்சாவது சர்க்கரை பண்ணிக்கிடும்."

அவர் மசியவில்லை. பூண்டுக் காட்டைக்கூட எட்டிப் பார்க்காமல் உன் பக்கத்திலேயே காவல் இருந்தார். நான் வாதாட எழுந்தபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"விடுடி. எனக்காகச் செய்ய அவருக்கு வேற என்ன சோலி இருக்கு? இதையாவது செய்யட்டும்."

அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. கேட்காமலே போய்விட்டாய்.

இன்று காலை எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"நெசத்தைச் சொல்லும்மா. நான் பழத்தைத் தடுத்ததுனாலதான் புள்ளைக்குத் தெம்பு இல்லாமப் போச்சா?"

"இல்லைங்கப்பா. நோய் அப்பவே முத்திருச்சு. பழத்தால எதுவும் மாறியிருக்காது."

அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன்.

"அப்ப, தின்னிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது?"

"ஆயிருக்காதுங்க."

"ஆசையாக் கேட்டுச்சேம்மா," என்றார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நாளை ஆய்வகத்தில் நீ பாதியில் விட்ட சோதனையைத் தொடர்வேன். உன் கேள்விக்கு என்றாவது விடை கிடைக்கலாம். அவருக்கு நான் சொன்னதும் சரியான விடைதான். அதைக் கேட்டு அவர் சாய்ந்த விதம்தான் இப்போது என்னோடு வருகிறது. என் இடத்தில் நீ இருந்திருந்தால் அவருக்கு என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.