படகுத்துறையில் எனக்கொரு படி

1995 நவம்பர் 23
மட்டாஞ்சேரி படகுத்துறையில் முழங்கால் தண்ணீர். கார்த்திகை பிறந்தால் இப்படித்தான். கடல் பொங்கிக் கரையேறும். இங்கே அதை விருச்சிக வேலியேற்றம் என்கிறார்கள். வருஷா வருஷம் கூடுகிறது. சேலையைப் பிழிந்துகொண்டே அக்கரைத் துறைமுகக் கேன்டீனுக்குச் சமைக்கப் போனேன். நாலு மாசக்காரிக்கு இது தேவையா? வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"ஏட்டி மகா, பொறு. தொறைய ஒசத்துற வேலை எனக்குத்தான் வந்திருக்கு. இனி ஒங் கொலுசுகூட நனையாது."

இசக்கிமுத்து கொத்தனார் முதல்முறை மேஸ்திரி ஆகிறார். தலைகால் புரியவில்லை மனிதருக்கு.

1996 பிப்ரவரி 3
துறை முடிந்தது. இரண்டடி உயர்த்தியிருக்கிறார். கன்றுக்குட்டியைப் போலத் தட்டிக்கொடுக்கிறார். திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

பிப்ரவரி 5
தண்ணீர் வற்றிய நேரம். படகு பாதாளத்தில் கிடக்கிறது. ஏழு மாச வயிற்றோடு எப்படி இறங்க? படகுக்காரப் பையன் சஜி கை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டான். "வேண்டா சேச்சி, வீழும்."

படகு போய்விட்டது. தண்ணீர் ஏறுவதைத்தான் எல்லாரும் அளந்தார்கள். இறங்குவதை ஒருத்தரும் நினைக்கவில்லை — என் புருஷன் உட்பட! இந்த வாரம் போகாவிட்டால் கேன்டீனில் வேறு ஆள் வைத்துவிடுவார்கள்.

கொட்டித் தீர்த்தேன். "கட்டின மேஸ்திரிக்குப் பொண்டாட்டி எப்படி எறங்குவான்னு தெரியாதா?" பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 6
பேச்சு இல்லை. மீன்குழம்பு மட்டும் காலி.

பிப்ரவரி 9
சஜி ஓடிவந்தான். "சேச்சி, ஒண்ணு வந்து நோக்கு!"

துறையின் ஓரத்தில் கருங்கல் படிகள், படகு விளிம்பு வரைக்கும். தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் காத்திருந்து வைத்திருக்கிறார். கடைசிப் படியில் இடுப்புவரை சேறாக நின்றுகொண்டு, "எறங்கு. ஒங் காலுக்கு எட்டுற மாதிரிதான் வச்சிருக்கேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

2007 நவம்பர் 26
துறைமேல் மறுபடியும் தண்ணீர். வற்றிய பிறகும் கடைசிப் படி வெளியே வரவில்லை. துறை தாழ்ந்ததா, கடல் ஏறியதா? "ரெண்டுந்தான்" என்கிறார். இன்னும் உயர்த்தணுமாம், அவருக்கே வேலை. மகள் அஞ்சுவுக்குப் பதினோரு வயது, சிரிக்கிறாள். "அம்மேட படி போயல்லோ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் படி.

2008 பிப்ரவரி 11
சாயா குடிக்கக்கூட வீட்டுக்கு வரவில்லை. தூக்குப் பாத்திரத்தில் எடுத்துப்போனேன். துறை இன்னும் வெறும் கம்பியும் பலகையுமாக நிற்கிறது. படிகளை மட்டும் முதலில் கட்டி முடித்திருக்கிறார்.