கல்வித் தகுதி

மயிலாப்பூர்,
14.7.1996

அன்புள்ள ஜெயராம் அண்ணாவுக்கு,

ஹம்சா அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மன்னியின் முழங்கால் வலி தேவலையா? நாக்பூரில் மழை பிடித்துவிட்டதா? இங்கே குழாயில் காற்றுதான் வருகிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்.

அடையாறு தியான மையத்தில் மூன்று வருஷமாகக் காலை வகுப்பு நான்தான் நடத்திவந்தேன். கண்ணை மூடி, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கச் சொல்லித்தருவது, அவ்வளவுதான். இந்த வருஷம் ஆசிரியர் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறார்கள். அது இருந்தால்தான் இனி வகுப்பு எடுக்கலாமாம். ஆசையாக விண்ணப்பம் போட்டேன். கல்வித் தகுதி என்ற இடத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

செயலாளர் சந்திரமௌலியைப் போய்ப் பார்த்தேன். "மாமி, உங்களை மாதிரி யார் சொல்லித்தருவா? ஆனா டிகிரி இல்லாம முடியாதுன்னு கமிட்டியில எழுதி வெச்சுட்டா. நான் என்ன பண்றது?" என்றார்.

"மூச்சைக் கவனிக்க எந்தக் காலேஜ்ல சொல்லித்தரா?" என்று கேட்டேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பும்போது, "சுஹாஸ்னு ஒருத்தரை எடுத்திருக்கோம். எம்.ஏ. சைக்காலஜி. கொஞ்ச நாள் கூட இருந்து பழக்கிவிடுங்கோ" என்றார். எப்படி இருக்கிறது பார்!

வெட்கத்தை விட்டுப் போனேன். சுஹாஸ் கெட்டவர் இல்லை. தாளைப் பார்த்துப் படித்தார். நடுவில் ஹாஜிரா பீ அழ ஆரம்பித்துவிட்டாள். ராயப்பேட்டையிலிருந்து வருகிறவள், மார்ச்சில் மகனைப் பறிகொடுத்தவள். அவர் பதறிப்போய், "கொஞ்சம் வெளியில போய் உட்காருங்களேன்" என்றார். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதால் பரவாயில்லை, பாதம் தரையில் படுவது தெரிகிறதா, அதை மட்டும் பாருங்கள் என்று மெல்லச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அடங்கினாள்.

சாயங்காலமே சந்திரமௌலி ஃபோன் பண்ணி, சான்றிதழ் இல்லாதவர்கள் வகுப்பில் குறுக்கிடக் கூடாது என்றார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

ஹாஜிரா பீயும் போகவில்லை. விலாசம் விசாரித்துக்கொண்டு நேற்று வீட்டுக்கே வந்துவிட்டாள். "அவரு படிச்சவருதாம்மா. எனக்கு நீங்கதான் வேணும்" என்றாள். கூடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, என் மூச்சு என் வசத்தில் இல்லை.

வீட்டிலேயே சொல்லிக்கொடேன், காகிதம் எதற்கு என்கிறார் இவர். நீயும் அதைத்தான் எழுதுவாய். எனக்கு வேண்டும், அண்ணா. இன்னொரு தடவை யாரும் என்னிடம், 'குறுக்கிடாதே' என்று சொல்லக் கூடாது. திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. சேரப்போகிறேன். பி.யூ.சி. படிக்காதவர்களும் ஒரு நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாமாம். நாற்பத்து மூன்று வயது என்று சிரிக்காதே.

அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புத்தகம் வேண்டும். அப்பா காலமான வருஷம், பி.யூ.சி. விண்ணப்பம் வாங்கி வருகிறேன் என்று நீ எடுத்துக்கொண்டு போனாயே, அது. விண்ணப்பம் வரவேயில்லை. உனக்கு அப்போது இன்ஜினீயரிங் கடைசி வருஷம். நான் அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. பழைய பெட்டியில் எங்காவது இருக்கும். தேடி எடுத்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. ஆகஸ்ட் பத்து கடைசித் தேதி.

இந்தத் தடவையாவது என்னைச் சேர்த்துவிடு, அண்ணா.

உன் தங்கை,
ஹம்சா