நான் கூட்டி வைத்த பாதை

6.1.2006, வெள்ளி

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? நோட்டிடம்தான். ஒரு வரி முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது. ஆனாலும் அறுபத்து மூன்று வயதில் நானே எழுதுகிறேன்! கேம்ப் சமையல்காரர் யூசுப் சொல்லிக் கொடுத்தார்.

ஓமன் நாட்டுச் சலாலாவில் பதினெட்டு வருடம் ரோடு கூட்டினேன். இப்போது இந்த மலைக் காப்புக்காட்டில் சிறுத்தைக்காகக் கூட்டுகிறேன். சாயங்காலம் ஓடை மணலைச் சமமாகக் கூட்டி வைத்தால் காலையில் புதுத் தடம் தெளிவாகத் தெரியும். அதை அளந்து ஆபீசுக்குச் சொல்ல வேண்டும்.

இன்று: தாய், நான்கு விரல் அகலம். குட்டிகள் இரண்டு, மூன்று விரல். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

9.1.2006

மலையில் ஆடு மேய்க்கும் ஈசாவின் மூன்று ஆடுகளைத் தாய்ச் சிறுத்தை அடித்துவிட்டது. ஒன்று சினை ஆடு. வயிறு கிழிந்து, பிறக்காத குட்டி மண்ணில் கிடந்தது. ஈசா இரத்தக் கையை என் சட்டையில் துடைத்தான். பாதி அரபி, பாதி இந்தியில் கத்தினான்: "ரஃபீக், உன் பூனை தின்னது போதும். கலாஸ்!" 'ரஃபீக்' என்றால் நண்பன், 'கலாஸ்' என்றால் முடிந்தது.

10.1.2006

தாய் ஆட்டுப் பக்கம் போகாமல் இந்த வழியே வரட்டும் என்று, இன்று ஒரு கல்கூட இல்லாமல் கூட்டினேன். யூசுப் சிரித்தார்: "என்ன அண்ணே, மந்திரியா வாறாரு?"

13.1.2006

செத்துடுச்சு.

நான் கூட்டிய பாதையின் நட்டநடுவில் இரும்புப் பொறி. மேலே மணல் தூவி ஈசா மறைத்திருக்கிறான். தாய் தன் முன்காலை எலும்பு வரை கடித்திருக்கிறது. ஈசா கல்லால் தலையை நசுக்கிவிட்டான். ஒரு கண் வெளியே தொங்கியது. ஒரு குட்டி தாயை விட்டுப் போகவில்லை. அவன் நாய்கள் அதை இரண்டாகக் கிழித்துவிட்டன. இன்னொன்று ஓடிவிட்டது.

"இங்கதான் வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே தினமும் கூட்டிக் காட்டினே."

விளக்குமாத்துக் கட்டையால அவன் மூஞ்சில அடிச்சேன். ரெண்டு பல்லு விழுந்துச்சு. விலாவுல உதைச்சான். மூச்சு விட வலிக்குது. நான் ஏன் அவன அடிச்சேன் — பொறி அவனுது. பாதை?

14.1.2006

பொறியை மட்டும் ஆபீஸ் எடுத்துக்கொண்டது; ஈசாவை ஒன்றும் செய்யவில்லை. அவனுடைய துப்பாக்கி அவனிடம்தான் இருக்கிறது. மிச்சக் குட்டியைத் தேடுகிறான். தாயில்லாமல் அது எதைத் தின்னும்?

20.1.2006, வெள்ளி

இப்போது ஒன்றல்ல, மலையில் உள்ள ஆறு ஓடைகளையும் கூட்டுகிறேன். சிறுத்தை போகாத ஐந்து ஓடைகளில், விரல் நுனிகளையும் உள்ளங்கையையும் அழுத்தி நானே தடம் போடுகிறேன். நேற்று ஈசா அதை நம்பிப் பகல் முழுக்கக் கிழக்கு ஓடையில் துப்பாக்கியோடு காய்ந்து கிடந்தான். தண்ணீர் கொடுத்தேன். பல் போன வாயால் குடித்துவிட்டு, "நல்லாக் கூட்டுறே, ரஃபீக்" என்றான்.

ஆறாவது ஓடைக்கு அவன் எழும் முன்பே போய்ப் பார்த்து, தடத்தை அழித்துவிடுகிறேன்.

இன்று அங்கே மூன்று விரல் தடம். பக்கத்தில் கவுதாரி இறகு, இரத்தம், பிய்ந்த ஒரு கால். தானே அடித்திருக்கிறது! கை தட்டினேன். விலா வலித்தது, மறுபடியும் தட்டினேன்.

அடுத்த பக்கத்தில் இப்போதே '27.1.2006, வெள்ளி' என்று எழுதிவிட்டேன். அதன் கீழே 'குட்டி' என்றும். எத்தனை விரல் என்பதற்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.