மாடி வீட்டு மெஷினின் கறுப்பு வளையம்

ஏங்க, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு எங்கே போனீர்கள்? செருப்பைக் கழற்றாமல் இதைப் படியுங்கள்.

மாடி வீட்டுத் தையல்காரம்மாவின் பழைய வாஷிங் மெஷின் கதவுக்கு நேற்று ரப்பர் வளையம் வார்த்து மாட்டினீர்களே, அதில் மிஞ்சிய துண்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி கறுத்துவிட்டது. அந்தம்மா ஆஸ்பத்திரிக்குத் தைத்த வெள்ளைக் கோட்டுகளை இன்று அதில்தான் போடப்போகிறார்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால், "எங்க வீட்டுக்காரர் வளையம் கம்பெனி வளையத்தையே தூக்கிச் சாப்பிட்டுடும்" என்று தெரு முழுக்க அளந்தது நானாயிற்றே. அதனால் மேலே போய்ப் பேச்சுக் கொடுத்து, அவர் மெஷினைப் போடாமல் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சாயம் விடாத சாம்பல் வளையத்தோடு வாருங்கள். நிறம் பொருந்தவில்லை என்று சொல்லி மாற்றிவிடலாம். அந்தச் சாம்பல் வளையம் நீங்கள் ரப்பரைச் சூடாக்கி இறுக்கும் ஓவனில் இருக்கிறது. பக்கத்தில் மூடி வைத்திருப்பது உங்கள் சாப்பாடு, மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

"ஊர்க்கதை பேசாதே" என்று நேற்று கத்தினீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பி.கு.: மருந்துக்கடைக்காரர் மகள் விவகாரம் ஒன்றுதான் கைவசம் இருக்கிறது. இழுத்து இழுத்துச் சொல்கிறேன். அதுவும் தீர்ந்தால் உங்கள் கதையைத்தான் எடுத்தாக வேண்டும்.