ஒரு பெட்டி நிறையக் கம்பளி நூல்

1943 ஆகஸ்டு 9, திங்கள்

மாவுக்கட்டுக்குள் கால் அரிக்கிறது. ஈர்க்குச்சியை விட்டுச் சொறியப் பார்த்தேன். பாதி தூரம் போய் உள்ளேயே ஒடிந்துவிட்டது. எதிர்க் கட்டிலில் படுத்திருந்த சீனித்தாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிக்காதளா, வயிறு குலுங்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

அவளும் எழுந்திருக்கக் கூடாது. இது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை நிற்காமல் போய்விட்டது. இந்தத் தடவை பிரசவம் வரை படுக்கைதான் என்று கிளாட்வின் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். சொன்ன மறு வாரம் நான் சரக்குக் கணக்கெடுக்கத் தோணியிலிருந்து கப்பல் ஏணிக்குத் தாவினேன். ஆடிக் காற்று. தோணி எகிறி, நடுவில் கால் அகப்பட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு.

சமைத்துப் போட அக்காள் அருணாசலவடிவு ஆறுமுகநேரியிலிருந்து வந்திருக்கிறாள். "புருசன் படுத்தா பெண்டாட்டி பாப்பா. பெண்டாட்டி படுத்தா புருசன் பாப்பான். ரெண்டும் சேந்து படுத்துக்கிட்டா நான் என்னலே செய்ய?"

ஆகஸ்டு 12

தூரத்தில் கப்பல் ஊதியது. எந்தக் கப்பல், என்ன சரக்கு? இன்னொருவன் கணக்கெடுத்துக்கொண்டிருப்பான்.

ஆகஸ்டு 15

சீனித்தாயின் டிரங்குப் பெட்டியை அக்காள் இழுத்து வந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவில் போட்டாள். அது உண்மையில் வெள்ளைக்கார மில் எஞ்சினீயருடைய துரைசானியின் பெட்டி. அந்த அம்மாளுக்கு இவள்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். போன வருஷம் கொழும்பில் குண்டு விழுந்ததும் துரைசானி அரக்கப்பரக்க ஊரைவிட்டுப் போனாள். கொண்டுபோக இடமில்லாத இந்தப் பெட்டியை, "நீயே வைத்துக்கொள்" என்று இவளிடம் விட்டுப்போனாள்.

திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறியது. உள்ளே முழுக்கக் கம்பளி நூல். சாம்பல் நிறம், கரும்பச்சை, செங்கல் சிவப்பு, மஞ்சள். பார்க்கும்போதே எனக்கு வேர்த்தது. மார்கழியில்கூடச் சட்டையைக் கழற்றிப் போட்டுத் தூங்குகிற ஊர் இது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"மப்ளர் பின்னலாம்" என்றாள். நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பின்னல் பழகியவள். அசாம் மலையில் பட்டாளத்துக்காரர்கள் குளிரில் கிடக்கிறார்களாம். அவளுடைய பழைய டீச்சரம்மா எல்லாரிடமும் மப்ளர் கேட்கிறாளாம். "படுத்துக்கிட்டே செய்யலாம்லா? மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம்தான் கிடக்க?"

ஆகஸ்டு 18

அவள் கை போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போகிறது. ஊசி இரண்டும் ஒன்றையொன்று கொத்துவது போல இருக்கிறது.

ஆகஸ்டு 21

"சும்மாதான பாத்துக்கிட்டு இருக்கிய. இன்னொரு சோடி ஊசி கிடக்கு" என்றாள்.

ஆம்பிளை பின்னுவதா? சிரித்துத் தள்ளிவிட்டேன். சாயங்காலம் அக்காள் தண்ணீர் எடுக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து, அந்த ஊசியைக் கொஞ்சம் கொடு என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அதுதான் சீனித்தாய்.

ஆகஸ்டு 26

என் மப்ளர் மேலே போகப் போக அகலமாகிறது. எங்கேயோ கண்ணி கூடிவிடுகிறது. "மீன் வாலு மாதிரி இருக்கு" என்றாள். பிரித்துவிட்டேன். திரும்பவும் ஆரம்பித்தேன். கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான்.

செப்டம்பர் 5

அக்காளுக்குத் தெரிந்துவிட்டது. ஊசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "கதவைச் சாத்திக்கிட்டாவது செய்லே" என்று சொல்லி, தானே போய்ச் சாத்தினாள்.

இன்னொன்றும் சொன்னாள், சீனித்தாயிடம். "எதை வேணும்னாலும் பின்னு. புள்ளைக்குன்னு மட்டும் ஒண்ணும் பின்னாத. பிறக்கதுக்கு முன்னால ஒரு துணிகூட எடுத்து வைக்கப்படாது." சீனித்தாய் சரி என்று தலையாட்டினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 16

என் முதல் மப்ளர் முடிந்தது. கரும்பச்சை. ஒரு ஓரம் கோணல்தான். சீனித்தாய் அதைத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வேர்க்க வேர்க்க, சாப்பிடும்வரை கழற்றவில்லை.

செப்டம்பர் 19

இன்று மானம் போய்விட்டது.

தோணி ஓட்டுகிற தண்டல் தேவதாசன் என்னைப் பார்க்க விளமீன் கொண்டுவந்தார். என் கால் மாட்டியது அவர் தோணியில்தான். கடலில் விழாமல் என்னைத் தூக்கிப் போட்டதும் அவர்தான். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பின்னலைத் தலையணைக்கு அடியில் திணித்தேன். நூலுருண்டை கீழே விழுந்து அவர் காலடிவரை உருண்டது. குனிந்து எடுத்து நூலைப் பிடித்து இழுத்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஊசியோடு மப்ளர் வந்தது.

"மாதாவே! கணக்கப்பிள்ளை, இது நீரு செய்யுறதா?"

அடக்க முடியாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சீனித்தாயும் சேர்ந்து சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 23

கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. கணக்கப்பிள்ளை இப்போது கம்பளிப்பிள்ளை ஆகிவிட்டாராம். சரக்குக் கோடவுன் ஆள் ஒருவன் என்னைப் பார்க்க வந்தபோது வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டான்.

அவன் போனதும் ஊசியைச் சுவரில் எறிந்தேன். "எல்லாம் உன்னாலதாம்ளா. நான் கேட்டேனா? காலும் போச்சு, இப்ப பேரும் போச்சு" என்று கத்தினேன்.  விழுந்து கிடந்த ஊசியை அக்காள் எடுத்துக் கொடுக்க, சீனித்தாய் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

படுக்கையில் கிடக்கிற பொம்பளைகிட்ட போயா கத்துறது? என்ன மனுசன் நான்?

செப்டம்பர் 25

பேச்சு இல்லை.

செப்டம்பர் 27

காலையில் சீனித்தாய் கூப்பிட்டாள். அவள் குரலே சரியில்லை. "மதினியக் கூப்பிடுங்க." அப்புறம்தான் சேலையைப் பார்த்தேன். ரத்தம்.

அக்காள் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். ஊசி போட்டார். குழந்தையின் நாடி இன்னும் கேட்கிறது என்றார். அசையவே கூடாது, இரண்டு நாள் தாண்டினால் பார்க்கலாம் என்றார்.

ரெண்டு நாளு. தாண்டுமா? கடவுளே, இதுவும் போயிருமா?

அக்காளிடம் சொல்லி என் கட்டிலைச் சீனித்தாய் கட்டிலோடு சேர்த்துப் போட வைத்தேன். சீனித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பாதியில் விட்ட சிவப்பு மப்ளரைக் காட்டி, "அந்த வரிசைய முடிங்க. பாதியில நிக்கது பாக்க நல்லாயில்ல" என்றாள்.

பின்னினேன். கண்ணிகளைச் சத்தமாக எண்ணச் சொன்னாள். எண்ணினேன். எண்ணிக்கையில் மனம் நின்றால் வேறு நினைப்பு வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்தது. தொண்டை கட்டும்வரை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 30

ரத்தம் நின்றுவிட்டது. குழந்தை உதைக்கிறதாம். என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்ததாகச் சொன்னேன்.

அக்டோபர் 11

யார் வந்தாலும் ஒளிப்பதில்லை. தேவதாசன் தண்டல் வந்தார், நான் பின்னிக்கொண்டே பேசினேன். "கம்பளிப்பிள்ளை, அன்னைக்குச் சிரிச்சதை மனசுல வச்சுக்காதியும்" என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். பேரை மட்டும் அவர் விடுவதாக இல்லை.

அக்டோபர் 20

பெட்டி அடி தெரியத் தொடங்கிவிட்டது. மப்ளர்கள் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன. அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன், வெள்ளை நூல். பூனைக்குட்டி முடி போல அவ்வளவு மெது.

"இதை ஏன் எடுக்கல?"

"அது எதுக்கும் ஆகாது. உள்ள வைங்க."

குழந்தைச் சட்டைக்கான நூல் என்று எனக்கே தெரிந்தது. மடித்து உள்ளே வைத்தேன். இருவரும் வேறு பேச்சுப் பேசினோம்.

அக்டோபர் 29

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இது என் கால்தானா? முருங்கைக்காய் போல இருக்கிறது. கொஞ்சம் குட்டையும் ஆகிவிட்டது. கம்பை ஊன்றி வாசல்வரை நடந்தேன்.

"கப்பல் ஏணி ஏறலாமா டாக்டர்?"

"தரையில நடக்கிறதே கடவுள் புண்ணியம்னு வைச்சுக்கோங்க."

நவம்பர் 3

முதலாளி ஆளனுப்பினார். தை மாதம் முதல் கோடவுனில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. நல்ல மனுஷர். ஆனாலும் சாயங்காலம் கடற்கரைவரை நடந்துபோய், கப்பல்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தேன். பதினெட்டு வயதிலிருந்து ஏறி இறங்கிய ஏணிகள்.  சீனித்தாய் படுத்தபடியே என் குட்டைக் காலைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பிடித்துவிட்டாள். படுத்துக்கொண்டு செய்கிற வேலைதான், திட்டாதிய என்றாள்.

நவம்பர் 22

அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர். விறகெல்லாம் ஈரம்.

நவம்பர் 25

பெண் குழந்தை. நேற்று மத்தியானம் வலி கண்டது. எட்டாம் மாதம் தொடங்கித்தான் இருக்கிறது. டாக்டர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர். மருத்துவச்சி மட்டும் வந்தாள். விடியும்போது பிறந்தது. அழவில்லை, பூனைபோல ஒரு முனகல்தான்.

என் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டது. தோல் அவ்வளவு மெல்லிசு. காது மடல் காகிதம் போல. தொட்டால் குளிர்ச்சி — உயிருள்ள பிள்ளை இப்படியா குளிர்ந்திருக்கும்?

பத்து மணிக்கு டாக்டர் இடுப்பளவு நனைந்து வந்தார். "எடை பார்க்க வேண்டாம், பார்த்தா பயந்துபோவீங்க. பால் அப்புறம். முதல்ல சூடு. சூடு போகாமப் பார்த்துக்கோங்க. தலை வழியாத்தான் நிறையச் சூடு போகும்."

மருந்துப் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, மப்ளர்களைச் சுற்றி, குழந்தையைச் சுற்றிலும் வைத்தோம். பட்டாளத்துக்குப் பின்னியது அத்தனையும் எங்கள் கட்டிலுக்கு வந்தது. அடுப்பு எரியவில்லை. அந்த நேரம் தேவதாசன் தண்டல் தலையில் ஒரு கரிமூட்டையோடு தண்ணீரில் நடந்து வந்தார்.  இறக்கி வைத்துவிட்டு அடுப்பு மூட்ட உட்கார்ந்தார்.

குழந்தைக்குப் போட ஒரு துணி இல்லை. அக்காள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான் சொன்னதாலதான் ஒண்ணுமே இல்லாமப் போச்சு."

சீனித்தாய் கண்ணைத் திறந்தாள். "நீங்க சொல்லாட்டாலும் நான் பின்னியிருக்க மாட்டேன் மதினி. எனக்கும் பயந்தான்." பிறகு என்னைப் பார்த்து, "அந்த வெள்ளைய எடுங்க" என்றாள்.

எனக்கு நீளமாகப் பின்ன மட்டும்தான் தெரியும். குல்லாவுக்கு எப்படி வளைப்பது? சொல்லித்தர அவளுக்குத் தெம்பு இல்லை. கொஞ்ச அகலத்துக்கு ஒரு நாடா பின்னினேன். இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைத்து, மேல் முனையை நூலால் சுருக்கிக் கட்டினேன்.   குழந்தையின் தலையில் போட்டேன். நெற்றிவரை இறங்கி நின்றது.

குழந்தையை அவள் நெஞ்சோடு சேர்த்து வைத்து, மேலே போர்த்தினோம்.

நவம்பர் 26

இருக்கிறாள்.

நவம்பர் 28

பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால். பாதி வெளியே வந்துவிடுகிறது. பாதி உள்ளே போகிறது.

டிசம்பர் 4

குழந்தை நீலம் பாரித்துவிட்டாள். அக்காள் முதுகைத் தட்டித் தட்டி மூச்சை வரவழைத்தாள். வந்தது. அதற்குப் பிறகு அக்காள் இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் யாருக்கு நேர்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் நேர்ந்துகொண்டேன்.

டிசம்பர் 13

காலுறை பின்னினேன். என் கட்டைவிரலுக்குச் சரியாக இருந்தது. அவளுக்குப் பெரிது.

டிசம்பர் 25

சேசு பிறந்த நாள் என்று தண்டல் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. குழந்தை இன்று தானாகவே முலை குடித்தாள். சீனித்தாய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்தால் விட்டுவிடுவாளோ என்று பயம்.

1944 ஜனவரி 16

தைப் பொங்கல் முடிந்து கோடவுன் வேலைக்குப் போனேன். பலகை போட்ட மேசை, ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிறது. சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து பின்னலை எடுத்தேன். இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன், "அண்ணாச்சி, பாப்பாவுக்கா? இப்பத் தேவலையா?" என்று கேட்டான்.

ஜனவரி 23

பேர் வைத்தோம். இத்தனை நாளும் பேர் வைக்க எங்களுக்குத் தைரியமில்லை. இசக்கித்தாய்.

பிப்ரவரி 6

மப்ளர்களை அக்காள் துவைத்துக் காயவைத்தாள். இன்று டீச்சரம்மாவுக்கு அனுப்பினோம். எவ்வளவு அலசியும் பால் வாசம் போகவில்லை. அசாம் மலையில் எவனோ ஒருவன் இதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தன் வீட்டுப் பிள்ளையை நினைப்பானோ என்னவோ. சிவப்பு ஒன்றைத் தண்டலுக்குக் கொடுத்தேன். பெட்டி காலி.

மார்ச் 19

பங்குனி வெயில். மத்தியானம் சாப்பிட வந்தேன். தெருமுனையிலேயே குழந்தை வீறிடுகிற சத்தம்.  நொண்டிக்கொண்டே ஓடினேன்.

"என்னளா, என்ன ஆச்சு?"

சீனித்தாய் குழந்தையின் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. நெற்றியிலும் முதுகிலும்கூட.

"வேர்க்குரு. காலையில போறப்ப குல்லாயும் சட்டையும் மாட்டிவிட்டுட்டுப் போயிட்டிய. நானும் தூங்கிட்டேன். இந்த வெக்கையில புள்ளை வேகாம என்ன செய்யும்?"

எல்லாவற்றையும் கழற்றினாள். குல்லாவுக்குள்ளிருந்து ஈரமாக ஒட்டிய முடி வந்தது, கருகருவென்று. கழுத்தில் சதை போட்டு இரண்டு மடிப்பு விழுந்திருப்பதை இன்றுதான் கவனித்தேன். அக்காள் நுங்கை வெட்டி அந்தத் தண்ணீரை மடிப்புக்குள் தடவினாள். அழுகை மெல்ல மெல்ல அடங்கியது. குழந்தை அம்மணமாகக் காலை உதறிக்கொண்டு கிடந்தாள்.

கோடவுனுக்குப் போக நேரமாகிவிட்டது. அவள் தூங்கும்வரை விசிறிக்கொண்டிருந்தேன்.