தூணில் கட்டிய கனகாம்பரம்

அண்ணி,

நேற்று விக்கிரவாண்டி பக்கம் ஒரு பங்க்கில் பெட்ரோல் போட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற காரை ஓட்டி வந்த பெண் இறங்கி, மீட்டரில் பூஜ்யம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். தலையில் அப்போதுதான் வைத்த மல்லிச்சரம். காற்று என் பக்கம் திரும்பியதும் மல்லியும் பெட்ரோலும் கலந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அது உங்கள் வாசனை. உலகத்தில் வேறு யாருக்கும் அந்த வாசனை கிடையாது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். "யம்மா, தூங்கிக்கினு இருக்கியா? வண்டிய முன்ன எடு" என்று பின்னால் இருந்த லாரிக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் கியரைத் தேடினேன்.

உங்களிடம் சொல்ல ஒரு விஷயம் பாக்கி கிடக்கிறது. பார்க்கிங் விஷயம். வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

அப்போதெல்லாம் நம் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வளவனூரில் உங்கள் அப்பாவின் மினி லாரியில் பழகிய கை. அண்ணனோ, டிரைவிங் ஸ்கூல் வண்டியைப் புளியமரத்தில் முட்டப் போன அன்றே கார் ஓட்டும் ஆசைக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டவர். அதனால் சினிமா, பொருட்காட்சி, பிள்ளைகளின் விளையாட்டு அரங்கம் என்று எங்கே போனாலும் ஒரே கதைதான். விளக்கும் கண்ணாடிக் கதவுமாக ஜொலிக்கிற வாசலில் வண்டி நிற்கும். அண்ணன், அம்மா, பிள்ளைகள், நான் எல்லோரும் இறங்கி உள்ளே போவோம். நீங்கள் மட்டும் வண்டியைத் திருப்பிக்கொண்டு, ஓரமாக இருக்கிற இருட்டுச் சரிவில் இறங்கிப் போவீர்கள். டைட்டில் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, வேர்த்து வழிந்தபடி வந்து எங்கள் கால்களைத் தாண்டி உட்காருவீர்கள்.

ஒருமுறை புதுச்சேரியில் நான் இறங்கவில்லை. கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்த காலம் அது. எதைப் பார்த்தாலும் ஏன் இப்படி என்று கேட்கும் கிறுக்கு எனக்கு.

"நீ ஏன் எறங்கல பாப்பா?"

"கீழ எப்படி இருக்குதுன்னு பாக்கணும் அண்ணி."

"தோ பார்றா! ஊரே படம் பாக்கப் போவுது, எங்க நாத்தனார் மட்டும் பார்க்கிங் பாக்க வர்றா" என்று சொல்லிக்கொண்டே சரிவில் இறக்கினீர்கள்.

கீழே ஒரு டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தது. தலைக்கு மேலே குழாய்கள், அவற்றில் ஒன்றிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ ஒழுகியது. மூலைக்கு மூலை வெற்றிலைச் சிவப்பு. மேலே போகும் படி எந்தப் பக்கம் என்று எழுதிய அம்புக்குறி பாதி அழிந்திருந்தது. நீங்கள் வண்டியை ஒரே திருப்பில் உள்ளே விட்டுவிட்டு, "மேல இருக்கிறது மாமியார் கட்டுற பட்டுப்பொடவ. கீழ இருக்கிறது மருமவளுக்குப் போட்ட பழம்பொடவ. கட்டடம் கட்டுனவன் அப்படித்தான் கட்டிக்கினு இருக்கான்" என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். படி வரும்வரை நீங்கள் என் கையை விடவில்லை. தனியாக வரும் நாட்களில் யார் கையைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு எந்த வாசலிலும் நான் இறங்கியதில்லை. பார்க்கிங்கில் பேசிக்கொண்டே நடப்பதுதான் நமக்கு முதல் காட்சியாகிவிட்டது. நான் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பேன்: அங்கே யாரும் தங்கப் போவதில்லை, அழகுக்குச் செலவு செய்தால் அது டிக்கெட் விலையில்தான் ஏறும், பார்க்கிங்கைப் பார்க்க எவரும் கிளம்பி வருவதில்லை. நீங்கள் ஒரே வரியில் அடிப்பீர்கள். "கல்யாணத்துக்குச் சாப்பிட வர்றவன் எலையப் பாக்க வரல. அதுக்காவ அழுக்கு எலையில சோறு போடுவியா?"

இன்னொரு நாள் சொன்னீர்கள்: "எடத்துக்கு ரெண்டு வாசல் இருக்குது பாப்பா. நடந்து வர்றவங்களுக்கு ஒண்ணு, வண்டி ஓட்டிக்கினு வர்றவங்களுக்கு ஒண்ணு. ரெண்டாவது வாசலுக்கு யாரும் கோலம் போடல."

போகிற இடத்துக்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட ஆரம்பித்தோம். திண்டிவனத்தில் அந்தப் பழைய தியேட்டருக்குப் பின்னால் வேப்பமரங்கள் நின்ற மண்தரைக்கு நீங்கள் எட்டரை கொடுத்தபோது எனக்குக் கோபமே வந்தது. அங்கே வடிவமைப்பு என்று எதுவுமே இல்லையே என்றேன். "நெழலு இருக்குது, வெளிச்சம் இருக்குது, வண்டி கண்ணுக்குத் தெரியுது. இதுக்கு மேல இன்னா வேணும் உனக்கு?" என்றீர்கள். மழை பெய்தால் சேறு என்பதால் ஒன்றரை குறைத்திருந்தீர்கள். நியாயமான ஆள்தான்.

ஆனால் உங்கள் ரசனையும் சில நேரம் தலைகால் புரியாமல் ஓடும். பார்க்கிங்கில் ஓர் அருவி வேண்டும், பிளாஸ்டிக் கிளிகள் தொங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். சென்னை போகும் வழியில் ஓர் இடத்தில் சுவர் முழுக்கக் கடலும் டால்ஃபினும் வரைந்து வைத்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? ஆசை ஆசையாக உள்ளே போனால், ஒவ்வொரு குடும்பமும் டால்ஃபினோடு செல்ஃபி எடுக்க நடுவழியில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இது ஒரே பேஜாரா இருக்குதே! அழகு ஓவராப் போனா இப்படித்தான்" என்று கத்தினீர்கள். அதற்கு மூன்று மார்க். அன்றிலிருந்து அழகு என்றால் எது என்பதில் எனக்கும் குழப்பம் வந்துவிட்டது. அந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருந்தது.

பூ விஷயம் அதற்கப்புறம் நடந்தது. புதுச்சேரியில் அதே இடம். முந்தின தடவை வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல், தூங்கும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அலைந்திருந்தோம். எல்லாத் தூணும் ஒரே மாதிரி. இந்த முறை நீங்கள் இறங்கியதும் தலையிலிருந்த கதம்பத்தில் கொஞ்சம் கிள்ளி, கனகாம்பரம் தெரியும்படி, தூணை ஒட்டிப் போகும் குழாயில் சுற்றிக் கட்டினீர்கள். "வா, போலாம். இனிமே அது நம்ம தூணு."

படம் முடிந்து வந்தால் பூ அப்படியே இருந்தது. அதற்கு மேலே யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். கீழே ஒரு ரூபாய்க் காசு. காவலுக்கு நின்ற பெரியவர் நம்மிடம் வந்து, "யாரோ நேந்துக்கினு பூ கட்டியிருக்காங்கம்மா. இவ்ளோ ஒட்டியா வண்டிய நிறுத்துவாங்க?" என்று கடிந்துகொண்டார். நீங்கள் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், "தெரியாம நிறுத்திட்டோம்ணா" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்காது. மெயின் ரோடு வரும்வரை வண்டிக்குள் ஒரே சிரிப்பு. அம்மா மட்டும் சாமியோடு விளையாடாதீர்கள் என்று திட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த முறை போனபோது அந்தத் தூணைச் சுற்றித் தரை கழுவியிருந்தது. மூலையில் வெற்றிலைச் சிவப்பு இல்லை. குழாயில் வேறு யாரோ கட்டிய புதுப் பூ இருந்தது. சாமி என்று பயந்துதான் துப்பவில்லை என்றீர்கள் நீங்கள். இந்த இடத்தையும் ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்ததால்தான் துப்பவில்லை என்றேன் நான். நெடுநாள் வாதாடினோம். தீரவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கூட்டேரிப்பட்டு தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய இடம் வருகிறது, அண்ணி. சினிமா, பிள்ளைகள் விளையாட, சாப்பிட எல்லாம் ஒரே கட்டடத்தில். வரைபடம் நான் போட்டது. விழுப்புரத்தில் ஒருவரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், தனியாக ஆபீஸ் போட்டு, என் பெயரில் எழும்பும் முதல் கட்டடம். பார்க்கிங்கை நம் பேச்சையெல்லாம் மனதில் வைத்துத்தான் வரைந்தேன். மேலேயிருந்து வெயில் இறங்க நீளமாக ஒரு திறப்பு. வரிசைக்கு ஒரு நிறத்தில் தூண்கள். வண்டியை விட்டு இறங்கியதுமே கண்ணில் படும்படி கண்ணாடி வைத்த படிக்கட்டு.

அந்தக் கட்டடத்தின் முதலாளி நல்ல மனிதர்தான். வரைபடத்தை விரித்து வைத்து எல்லாவற்றையும் சிவப்பு மையில் அடித்தார். "வந்து வண்டிய உட்டுட்டுப் போற எடத்துக்கு எதுக்கும்மா அழகு? அந்தத் தொறப்ப மூடுனா மேல ரெண்டு கடை போடலாம். சிமெண்ட் போதும். உனக்கு ஒத்து வரலைன்னா சொல்லு, கீழ் வேலைய மட்டும் வேற ஆள வெச்சுப் பாத்துக்கிறேன்." நான் படித்த பாடத்தை அவர் எனக்கே திருப்பிச் சொன்னார். மறுத்துச் சொல்லக் காரணம் என்னிடம் இருந்தது, அதை அவர் மேஜையில் வைக்கத்தான் முடியவில்லை.

ஏனென்றால் அது ஆஸ்பத்திரியில் நடந்தது. காய்ச்சல் என்று உங்களைச் சேர்த்தோம். அன்றும் வண்டியை நீங்களேதான் ஓட்டி வந்து நிறுத்தினீர்கள், பதற்றத்தில் நான் இடத்தைக் கவனிக்கவில்லை. அத்தனை சீக்கிரம் முடிந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை. அன்று மத்தியானம் உங்கள் துணிப்பையோடு நானும் அண்ணனும் கீழே வந்தோம். வண்டி எங்கே என்று தெரியவில்லை. சாம்பல் நிறத் தூண்கள், அத்தனையும் ஒன்றுபோல. வரிசை வரிசையாக நடந்தோம். அண்ணன் திடீரென்று நின்று, ஒரு தூணில் கையை ஊன்றிக்கொண்டு, "அவ இல்லாம வண்டி எங்க இருக்குதுன்னே தெரியலையே பாப்பா" என்று சொல்லி அழுதார். சின்ன வயதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை அப்போதுதான் வந்தது. அந்த இடம் அத்தனை மொட்டையாக இருந்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்.

போன வாரம் முதலாளி சைட்டுக்கு வந்தார். கீழ்த்தளம் கட்டி முடித்து, மேலே கடைகளுக்குத் தளம் போடும்வரை திறப்பைத் தகரம் போட்டு மூடியிருந்தோம். அவர் கேட்டபடியே வெறும் சிமெண்ட். வழக்கம்போல வாசலில் இறங்கிக்கொண்டு, வண்டியை நிறுத்தும்படி டிரைவரை அனுப்பப் போனார். நான் கேட்டேன். "ஐயா, இன்னிக்கு மட்டும் நீங்களே கீழ எடுத்துக்கினு போய் நிறுத்திட்டு வர்றீங்களா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டு போனார். நானும் டிரைவரும் மேலே நின்றோம். நேரம் ஆனது. நல்ல பகல் வெயிலில், சரிவின் வாய்க்குள் அவர் செல்போன் வெளிச்சம் அங்கும் இங்கும் போவது தெரிந்தது. படியைக் கண்டுபிடிக்காமல் போன வழியே நடந்து ஏறி வந்தார். வேட்டியில் சிமெண்ட் தூசி.

மூச்சு வாங்கிக்கொண்டே வேட்டியைத் தட்டிவிட்டார். பிறகு, "எங்க பொண்ணு மெட்ராஸ்ல தனியாத்தான் கார் ஓட்டிக்கினு வேலைக்குப் போய் வருது. அது இந்த மாதிரி எடத்துலதான் நிறுத்துமா?" என்று கேட்டார்.

"அநேகமா இப்படித்தான் இருக்கும், ஐயா."

தகரத்தை எடுத்துவிடச் சொன்னார். கடைகள் வேண்டாம், திறப்பு இருக்கட்டும். தூண்களுக்கு நிறமும் அடிக்கலாம். கண்ணாடிப் படிக்கட்டுக்கு மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "அதுக்கெல்லாம் எங்கிட்ட காசு கெடையாது, ஆள உடு" என்றார். நம் கணக்கில் ஏழு மார்க் வரும் என்று நினைக்கிறேன். அருவியும் கிளியும் இல்லாததற்கு நீங்கள் அரை மார்க் குறைக்கலாம்.

உங்கள் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். எனக்குத் தலையில் பூ நிற்காது, உங்களுக்கே தெரியும். ஆனாலும் வெளியே கிளம்பும்போது ஒரு முழம் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்கிறேன். எங்கே நிறுத்தினாலும் பக்கத்துத் தூணில் கொஞ்சம் கட்டிவிட்டுத்தான் போகிறேன். கட்டுவதற்குக் குழாய் கிடைக்காத இடங்களில் அவதிதான். அதனால் இங்கே ஒவ்வொரு தூணிலும், கை எட்டும் உயரத்தில், ஒரு சின்னக் கொக்கி வைக்கச் சொல்லிவிட்டேன். வரைபடத்தில் அது இல்லை.

தகரம் எடுத்த அன்று வெயில் கீழ்த்தளம் வரை இறங்கியிருந்தது. முதலாளி ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு கொக்கியை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கும்மா?"

"பூ கட்ட, ஐயா."

"சாமிக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன், அண்ணி.